வேலையையும் விடாமல், எம்.பி.ஏ.வையும் விடாமல்

கேரளத்தில், பாலக்காட்டுப் பக்கம் உள்ள கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் நான்கைந்து வருடம் வேலை பார்த்த எவரிடமும் பேசிப் பாருங்கள். பேச்சு கொஞ்ச நேரத்தில் இந்தக் கேள்விக்கு வந்துவிடும்: "வேலையை விடாமல் எம்.பி.ஏ. படிக்க முடியுமா?" கேட்பவர் கொழிஞ்சாம்பாறைக்காரராக இருக்கலாம், வேலந்தாவளத்துக்காரராக இருக்கலாம், மாநில எல்லையான வாளையாற்றைத் தாண்டிக் கோவைக்குத் தினமும் போய்வருபவராகவும் இருக்கலாம். வீட்டில் தமிழ், பள்ளிச் சான்றிதழில் கேரள முத்திரை, சம்பளம் சில சமயம் அந்தப் பக்கம், சில சமயம் இந்தப் பக்கம். இப்படி வாழ்பவருக்குப் பொதுவான எம்.பி.ஏ. விளம்பரங்கள் சொல்லாத சில விஷயங்கள் உண்டு. அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன்.

எம்.பி.ஏ. என்பது வணிக நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டம். பி.காம். படித்தவர்தான் சேர வேண்டும் என்பதில்லை. எந்த இளநிலைப் பட்டமும் போதும். பொதுவாக 50 சதவீத மதிப்பெண் கேட்பார்கள், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. கணக்கியல், நிதி, சந்தைப்படுத்தல், மனிதவளம், உற்பத்தி, புள்ளியியல், கொஞ்சம் பொருளாதாரம், கொஞ்சம் சட்டம் எல்லாம் ஒரு சுற்று வரும். பிறகு ஒரு துறையில் ஆழமாகப் போகலாம்.

இதைப் படித்து என்ன தெரியவரும் என்று கேட்பவர்களுக்கு நான் ஓர் இரும்புக்கம்பி ஆலையைக் காட்டுவேன். கஞ்சிக்கோட்டில் அதற்குப் பஞ்சமில்லை. கணக்குக்காக எண்களைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். மாதச் செலவு 40 லட்சம், மாத விற்பனை 50 லட்சம். லாபம் 10 லட்சம் என்று முதலாளி மகிழ்ச்சியாக இருக்கிறார். ஆனால் பழைய இரும்பு விற்பவர் ரொக்கம் கொடுத்தால்தான் லாரியை இறக்குவார். கம்பி வாங்கும் கட்டுமான நிறுவனமோ 60 நாள் கழித்துத்தான் பணம் அனுப்பும். முதல் மாதம் விற்ற சரக்குக்கு மூன்றாம் மாதம்தான் பணம் வரும். அதற்குள் 80 லட்சம் வெளியே போயிருக்கும். காகிதத்தில் 20 லட்சம் லாபம், வங்கியில் சம்பளம் போடக்கூடக் காசில்லை. இந்த நேரத்தில் ஒரு பெரிய ஆர்டர் வந்து உற்பத்தி இரட்டிப்பாகிறது என்றால், கையிலிருந்து போட வேண்டிய தொகை 1 கோடியே 60 லட்சம். ஆர்டர் இல்லாமல் மூடிய ஆலைகளைப் போலவே, ஆர்டர் அதிகமாகி மூச்சு முட்டிய ஆலைகளும் இருக்கின்றன. இதற்கு நடைமுறை மூலதனம் என்று பெயர். டெஸ்பாட்ச் பிரிவில் பில் போடுகிறவர் இந்தப் பாடத்தைப் படித்த மறுநாள் தன் கையிலிருக்கும் பில்லையே வேறு கண்ணோடு பார்ப்பார். வேலை பார்த்துக்கொண்டே படிப்பதன் உண்மையான லாபம் இதுதான் என்பது என் எண்ணம். 21 வயதில் கல்லூரியில் இருந்து நேராக வந்தவருக்கு இது ஒரு பத்து மதிப்பெண் கேள்வி மட்டுமே.

சரி, வேலையோடு படிக்க எத்தனை வழிகள்?

பழைய வழி, பகுதி நேர மாலைக் கல்லூரி. ஷிப்ட் முடிந்து வகுப்புக்குப் போக வேண்டும். ஆகவே கல்லூரி அருகில் இருக்க வேண்டும், ஷிப்ட் மாறாமல் இருக்க வேண்டும். அடுத்தது, அனுபவமுள்ளவர்களுக்கான வார இறுதி வகுப்பு. கோழிக்கோட்டில் உள்ள இந்திய மேலாண்மை நிறுவனம், அதாவது ஐ.ஐ.எம்., தன் கொச்சி வளாகத்தில் வேலையில் இருப்பவர்களுக்கு இத்தகைய நிர்வாகப் படிப்பை நடத்துகிறது. செலவு பல லட்சம், நுழைவும் எளிதல்ல. மூன்றாவது, தொலைநிலைக் கல்வி. அச்சிட்ட பாடநூல், எழுதி அனுப்ப வேண்டிய ஒப்படைப்புகள், படிப்பு மையம், நேரில் தேர்வு. நான்காவது, முழுவதும் ஆன்லைன். பதிவு செய்த பாடங்கள், வாரத்தில் சில நேரலை வகுப்புகள், விவாதப் பலகை, கண்காணிப்போடு நடக்கும் தேர்வு.

மூன்றாவதும் நான்காவதும் ஒன்றுதான் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் இரண்டும் வேறு வேறு. எல்லையோரத்தில் இருப்பவருக்கு அந்த வேறுபாடு பெரிது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தத் தொலைநிலைப் படிப்பு நேற்று வந்ததல்ல. 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982இல் ஹைதராபாத்தில் வந்தது. 1985இல் இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம். கேரளத்துக்கென்று தனியாக ஒன்று, ஸ்ரீநாராயணகுரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2020இல்தான் கொல்லத்தில் தொடங்கப்பட்டது.

இனி, விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வரும் 'உங்கள் வசதிப்படி' என்பதைப் பிரித்துப் பார்ப்போம். உங்கள் வசதிக்கு வளையக்கூடியவை மூன்றுதான்: எங்கிருந்து படிப்பது, எந்த நேரத்தில் படிப்பது, எத்தனை வருடத்தில் முடிப்பது. படிப்பின் அளவு வளையாது. கடனை நீண்ட தவணையில் கட்டுவது போலத்தான். மாதத் தொகை குறையும், அசல் குறையாது.

அசலைக் கணக்கிட ஒரு வழி உண்டு. பாடங்களுக்கு கிரெடிட் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். தொலைநிலை முறையில் ஒரு கிரெடிட் என்பது ஏறக்குறைய 30 மணி நேரப் படிப்பு. வாசிப்பது, வகுப்பு கேட்பது, ஒப்படைப்பு எழுதுவது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரு பாடம் 4 கிரெடிட் என்றால் 120 மணி நேரம். ஒரு செமஸ்டரில் ஐந்து பாடம் எடுத்தால் 600 மணி நேரம். ஆறு மாதத்துக்கு 26 வாரம். வகுத்துப் பாருங்கள், வாரத்துக்கு 23 மணி நேரம். அதாவது தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல், ஞாயிறு உட்பட, திருவிழா உட்பட.

எட்டு மணி நேர ஷிப்ட், போகவர இரண்டு மணி நேரம், வீட்டில் ஒரு குழந்தை. இதற்கு மேல் மூன்று மணி நேரம் எங்கிருந்து வரும்? வராது. அதனால்தான் முதல் செமஸ்டரில் ஆர்வமாக ஐந்து பாடத்துக்கும் பணம் கட்டியவர்களில் பலர் இரண்டாவது செமஸ்டரில் காணாமல் போகிறார்கள். ஆறு மாதத்துக்கு இரண்டே பாடம் என்றால் 240 மணி நேரம், வாரத்துக்கு ஒன்பது சொச்சம். இது நடக்கக்கூடியது. வார நாள்களில் தினம் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம். ஆனால் இந்த வேகத்தில் போக அந்தப் பல்கலைக்கழகம் இடம் தருகிறதா என்பதுதான் கேள்வி. இக்னோவில் எம்.பி.ஏ.வைக் குறைந்தது 2 ஆண்டிலும் அதிகபட்சம் 4 ஆண்டிலும் முடிக்கலாம். வேறு இடங்களில் அதிகபட்சக் காலம் எவ்வளவு, ஒரு பருவத்தில் தேர்வைத் தள்ளிவைத்தால் என்ன கட்டணம் என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள். 'எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம்' என்று சொல்லும் ஆலோசகர் இந்த இரண்டு கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லாவிட்டால் அழைப்பைத் துண்டித்துவிடலாம்.

நேரத்தைப் பற்றி இன்னொன்று. ஷிப்ட் வாராவாரம் மாறுகிறவருக்கு நேரலை வகுப்பு ஒரு தொந்தரவு. பதிவு செய்த பாடம்தான் துணை. ஆனால் பாடத்தைப் பார்ப்பது வேறு, படிப்பது வேறு. என் சித்தப்பா மகள் வேலந்தாவளத்திலிருந்து கோவைக்குப் பஸ்ஸில் போய்வந்துகொண்டே ஆன்லைனில் படித்தாள். "அண்ணா, பஸ்ஸில் வீடியோ பார்த்தால் எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கிறது. வீட்டுக்கு வந்து பேப்பரை எடுத்தால் முதல் வரிக்கு மேல் கை ஓடவில்லை" என்றாள். பிறகு பஸ்ஸில் சட்டம், மனிதவளம் போன்ற வாசிப்புப் பாடங்களையும், வீட்டில் நிதி, புள்ளியியல் போன்ற கணக்குப் பாடங்களையும் பிரித்து வைத்துக்கொண்டாள். பின்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு காதில் மட்டும் இயர்போன், மடியில் நான்காக மடித்த ஒரே ஒரு தாள். வீடியோ முடிந்ததும் நினைவில் நின்றதை அந்தத் தாளில் எழுதிப் பார்ப்பாள். தாள் நிறையாத நாளில் அதே பாடத்தைத் திரும்பும் பஸ்ஸில் மறுபடி கேட்பாள்.

மொத்த மதிப்பெண்ணில் தொடர் மதிப்பீட்டுக்கு அதிகபட்சம் 30 சதவீதம்தான். குறைந்தது 70 சதவீதம் இறுதித் தேர்வுக்கு. யூ.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதியே அப்படித்தான் சொல்கிறது. ஒப்படைப்பை வைத்தே தேறிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போது எல்லைக்கு வருவோம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வாளையாற்றின் வணிக வரிச் சோதனைச்சாவடிக்கு வேலை இல்லாமல் போனது. அதற்கு முன் அங்கே மணிக்கணக்கில் நின்ற லாரி வரிசையை நம் பக்கத்தில் மறந்தவர் இருக்க மாட்டார்கள். சரக்குக்கு அந்த எல்லை தளர்ந்துவிட்டது. பட்டப்படிப்புக்குத் தளரவில்லை. மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று தொலைநிலைப் படிப்பைத் தன் மாநிலத்துக்குள்தான் நடத்தலாம். அடுத்த மாநிலத்தில் படிப்பு மையமோ தேர்வு மையமோ திறக்கக் கூடாது. யூ.ஜி.சி. 2013இலேயே இதைப் பொது அறிவிப்பாகச் சொன்னது, 2020ஆம் ஆண்டின் விதிமுறைகளும் அதையே உறுதி செய்தன.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? நீங்கள் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறீர்கள். தமிழ்நாட்டின் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் தொலைநிலை எம்.பி.ஏ. பிடித்திருக்கிறது. அதன் நேரடி வகுப்புக்கும் தேர்வுக்கும் நீங்கள்தான் எல்லை தாண்டிப் போக வேண்டும். கோவைக்குப் போய்வரும் தொலைவுதான் என்றால் பரவாயில்லை. அதன் படிப்பு மையம் என்று பாலக்காட்டில் யாராவது பலகை மாட்டியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அங்கே கட்டிய பணத்துக்கும் அங்கே எழுதிய தேர்வுக்கும் மதிப்பு இருக்காது. இதே விதி மறுபக்கத்துக்கும் பொருந்தும். பொள்ளாச்சியில் இருப்பவர் கேரளத்துத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை நினைத்தாலும், திருத்தணியிலோ தடாவிலோ இருந்துகொண்டு ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி தொழில் நகரில் வேலை பார்ப்பவர் அந்த மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் தடுமாறினாலும் முதலில் பார்க்க வேண்டியது தேர்வு மையம் எந்த மாநிலத்தில் என்பதைத்தான்.

இரண்டு விலக்கு உண்டு. ஒன்று இக்னோ. அது நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தது, நாடு முழுவதும் அதன் எல்லை. வேலை மாறி வாளையாற்றுக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனாலும் படிப்பு உங்களோடு வரும். இன்னொன்று ஆன்லைன் முறை. அனுமதி பெற்ற பல்கலைக்கழகம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் ஆன்லைன் படிப்புக்கு எல்லைக் கட்டுப்பாடு இல்லை. முன்னே சொன்ன வேறுபாடு இதுதான். எந்த மாநிலத்தில் அடுத்த வேலை என்று உறுதியில்லாத எல்லையோரத்துக்காரருக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் பொருத்தம் என்பேன்.

நேரடி எம்.பி.ஏ. என்றால் எல்லை நுழைவுத் தேர்விலேயே தொடங்கிவிடும். தமிழ்நாட்டுக்கு டான்செட், கேரளத்துக்கு கே-மேட், ஆந்திரத்துக்கு ஐசெட் என்று தனித்தனி. பெரும்பாலான தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளுக்கு இந்தத் தலைவலி கிடையாது.

படித்து முடித்த பிறகும் எல்லை ஒருமுறை எட்டிப் பார்க்கும். முறையான அங்கீகாரமுள்ள தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யூ.ஜி.சி. தெளிவுபடுத்தியது. தனியார் நிறுவனங்கள் அதற்கு மேல் கேட்பது குறைவு. அரசு வேலைக்குப் போகும்போது வெளிமாநிலப் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று கேட்கும் இடங்கள் கேரளத்தில் உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பணிக்கோ பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, இளநிலைப் பட்டம் என்ற வரிசை மாறாமல் படித்திருக்க வேண்டும். இடையில் ஒன்றைத் தாண்டிக் குதித்துத் திறந்தநிலையில் பட்டம் பெற்றவருக்கு எம்.பி.ஏ. கைகொடுக்காது. பாலக்காட்டுப் பக்கம் பலருக்கும் இருக்கும் வளைகுடாக் கனவுக்கும் ஒரு வார்த்தை: சான்றொப்பம் பட்டம் கொடுத்த மாநிலத்தின் வழியாகத்தான் வாங்க வேண்டும். சில வளைகுடா நாடுகள் தொலைநிலைப் பட்டத்தை ஏற்பதில் தனி விதி வைத்திருக்கின்றன. போகும் நாடு முடிவாகிவிட்டது என்றால் அதை முதலில் விசாரியுங்கள்.

அங்கீகாரத்தைச் சரிபார்ப்பது கடினமல்ல, சோம்பலை விட்டால் போதும். யூ.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு (ஆங்கிலச் சுருக்கத்தில் டெப்) தன் இணையதளத்தில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு, எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டுக்கு அனுமதி என்று பட்டியல் போடுகிறது. மூன்றையும் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு நூறாண்டுப் பெருமை இருக்கலாம். நீங்கள் சேரும் ஆண்டில் அந்தப் படிப்புக்கு அனுமதி இல்லையென்றால் பெருமையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எம்.பி.ஏ. என்பதால் ஏ.ஐ.சி.டி.இ., அதாவது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

2024 முதல், சேர்வதற்கு முன் மாணவரே அந்தப் பிரிவின் தளத்தில் டெப் அடையாள எண் எடுக்க வேண்டும். அதற்கு முன் டிஜிலாக்கர் வழியாக ஏ.பி.சி. எண், அதாவது உங்கள் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கணக்கின் எண். இங்கேதான் நம் பக்கத்தவருக்கு ஒரு தனிச் சிக்கல். கேரளத்துச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், ஆதாரில் அப்பாவின் முழுப் பெயர், கோவைக் கல்லூரி மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் இனிஷியல். போதாததற்கு மலையாளத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த எழுத்துக்கூட்டல் ஒன்று, தமிழிலிருந்து வந்தது இன்னொன்று. விண்ணப்பத்தின் கடைசி நாளில் இதைக் கண்டுபிடித்தால் அந்தப் பருவம் போச்சு. ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இரண்டு சேர்க்கைப் பருவம் உண்டு. இரண்டு மாதம் முன்பே பெயரைச் சரிசெய்து வைப்பது நல்லது.

பல்கலைக்கழகத்தின் பெயரில் தனியார் இணையக் கல்வி நிறுவனங்கள் தொலைபேசியில் துரத்துவதையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகங்கள் இத்தகைய நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்துப் படிப்பு நடத்தக் கூடாது என்று யூ.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் 2022 ஜனவரியில் எச்சரித்தன. சேர்க்கையும் கட்டணமும் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில்தான் நடக்க வேண்டும். புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரில் வரும் ஆறு மாத, ஓராண்டு நிர்வாகப் படிப்புகளில் பெரும்பாலானவை சான்றிதழ்ப் படிப்புகளே. பயனற்றவை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவை எம்.பி.ஏ. பட்டம் அல்ல.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. இக்னோ போன்ற இடத்தில் மொத்தக் கட்டணம் ஒரு லட்சத்துக்குள் அடங்கும். தனியார் ஆன்லைன் படிப்புகளில் பல அதைத் தாண்டும். 'வட்டியில்லாத் தவணை' என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனத்தின் கடன் பத்திரத்தில். படிப்பை நடுவில் விட்டாலும் தவணை விடாது. முறையான கல்விக் கடன் என்றால், பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு வட்டிக்கு 8 ஆண்டு வரை கழிவு உண்டு. அலுவலகம் கட்டணத்தில் பங்கு தருமா என்று கேட்கத் தயங்காதீர்கள். பதவி உயர்வுக்காகவே படிக்கிறீர்கள் என்றால், இந்த முறைப் பட்டத்தை ஏற்பார்களா என்று மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் வாங்குங்கள். மேலாளர் தேநீர்க் கடையில் சொன்னது செல்லாது.

யார் இப்போது சேர வேண்டாம்? வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவர். அவரிடம் பாடத்தோடு பொருத்திப் பார்க்க அனுபவம் இன்னும் சேரவில்லை. பெரிய நிறுவனங்களின் வளாக வேலைவாய்ப்பு வேண்டும் என்பவரும் வேண்டாம். அதற்கு வேலையை விட்டு, ஐ.ஐ.எம். நுழைவுத் தேர்வான கேட் (CAT) எழுதி, முழுநேரக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். தொலைநிலையில் படித்துவிட்டு அதை எதிர்பார்ப்பது வீண்.

இன்னும் தயக்கம் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் ஒரு நிர்வாகப் பாடத்தில் சேர்ந்து பாருங்கள். அதில் நிர்வாகப் பாடங்களை ஒருங்கிணைப்பது பெங்களூரு ஐ.ஐ.எம். படிப்பது இலவசம், சான்றிதழுக்கான தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். கணக்கியலோ புள்ளியியலோ, உங்களுக்குப் பயமான பாடத்தையே எடுங்கள். பத்தாவது வாரத்திலும் ஒப்படைப்பை நேரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தால் அடுத்த பருவத்துக்கு விண்ணப்பிக்கலாம். அந்தத் தேர்வில் வாங்கும் கிரெடிட்டைப் பிறகு பட்டத்தோடு சேர்த்துக்கொள்ளவும் யூ.ஜி.சி. விதியில் இடம் இருக்கிறது, உங்கள் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டால்.